ஒழுகாத பலகை

"அந்தப் பக்கம் நெம்புங்க அண்ணாச்சி! இங்க கடப்பாரை வழுக்குது!"

ரீத்தா கத்தியதில் பாதியை மழை தின்றுவிட்டது. நாகலிங்கம் திரும்பவில்லை. தடுப்பணையின் சிமெண்ட் சுவர்மேல் குப்புறப் படுத்து, துருத்திக்கொண்டிருந்த கம்பியில் ஒரு காலை மாட்டிக்கொண்டு, மேல் பலகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பட்டப்பகல்தான். ஆனால் டிக்ரிமேல் கவிந்த மேகம் பகலைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டுவிட்டது.

டிக்ரி என்றால் குன்று. அதிலிருந்து இறங்கும் ஓடை, நாலா. வீட்டுக்குள் பெங்காலியோ தெலுங்கோ தமிழோ எது பேசினாலும், வாசல் தாண்டினால் அந்தமானில் இவற்றுக்கு இதுதான் பெயர். பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டியை விட்டு வடக்கே போகும் ரோட்டின் இறக்கத்தில், இந்த நாலா கடலோரக் கிரீக்கில், கடல் ஏறி இறங்கும் கழியில், போய்ச் சேருகிறது.

அன்றைக்கு அதில் இறங்கி வந்தது தண்ணீர் இல்லை. செம்மண் கூழ். வேரோடு பிடுங்கிய வாழை, யாரோ வீட்டுத் தகரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அணையில் வந்து முட்டின. பலகைக்கு மேலே நுரை தள்ளியது.

கீழே, கூப்பிடு தூரத்தில், ரீத்தாவின் வீடு. உள்ளே பிள்ளை பெற்று எழுந்த மகள் டயானாவும் பச்சைக் குழந்தையும். அதற்கும் கீழே கிரீக். புயல் எச்சரிக்கை என்று கரையின் அத்தனை டிங்கிப் படகுகளையும் அங்கேதான் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். ரீத்தாவின் புருஷன் மிக்கேலும் அங்கேதான் கயிற்றோடு மல்லுக்கு நின்றான்.

"வருதா அண்ணாச்சி?"

"வரமாட்டேங்குதும்மா! பேய் புடிச்ச மாதிரி நிக்குது!"

எந்த வருஷமும் ஒரு நெம்பு, ஓர் இழுப்பு, பலகை கையோடு வந்துவிடும். ரீத்தா கடப்பாரையைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் தானும் படுத்தாள். இரண்டு பலகைக்கும் நடுவில் விரலை நுழைத்தாள். வழவழவென்று என்னவோ தட்டுப்பட்டது. பாசி. பிடி கிடைக்குமா என்று நகத்தை இறக்கினாள்.

பட்டென்று அவள் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது.

"கையை எடு! எடுன்னு சொல்றேன்ல!"

ரீத்தாவுக்கு ஒரு நொடி மழைகூடக் கேட்கவில்லை. 'வாங்க தங்கச்சி, இருங்க தங்கச்சி' என்று மரியாதை குறையாமல் பேசுகிற மனுஷன். பலகை இடுக்கைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவளை முறைத்தார். தாடி வழியாக மண் தண்ணீர் சொட்டியது.

"நீ போ. போயி புள்ளைய தூக்கு. பலகை என் வேலை."

"நானும் ஒரு கை போட்டா..."

"போன்னு சொல்றேன்!"

போனாள். வழுக்கி, எழுந்து, பாக்குமரத்துக்குப் பாக்குமரம் பிடித்து இறங்கினாள். பாதி வழியில் பின்னால் எருமை கனைப்பது மாதிரி ஒரு சத்தம். திரும்பினாள்.

பலகை அசையவில்லை. பலகைக்குப் பக்கத்திலிருந்த கரைதான் அசைந்தது. நாகலிங்கத்தின் தோட்டத்தில் ஒரு வரிசைப் பாக்குமரங்கள், மாதாவுக்குத் தலைவணங்குவதுபோல் மெல்லச் சாய்ந்து, அப்படியே நாலாவுக்குள் இறங்கின.

"டயானா! புள்ளைய எடுத்துட்டு ரோட்டுக்கு ஏறுட்டி! ஏறு!"

*

குழந்தை பிழைத்தது. டயானா பிழைத்தாள். வீட்டுக்குள் முழங்கால் உயரம் சேறு. அது போகட்டும், கழுவிக்கொள்ளலாம். நாகலிங்கமும் இடுப்பில் ஒரு வெட்டுக் காயத்தோடு, ஒரு பலாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்.

கிரீக்தான் போய்விட்டது.

காலையில் வெயில் அடித்தது. ஒன்றுமே நடக்காதது மாதிரி பளிச்சென்ற வெயில். டிங்கி கட்டும் இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு மைதானம் கிடந்தது. அதில் ஆங்காங்கே படகு மூக்குகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வெளியே கடல், பாறைத் திட்டு வரைக்கும் தேத்தண்ணி நிறம்.

தேத்தண்ணி என்பது நாகலிங்கத்தின் சொல். ரீத்தா வீட்டில் டீ என்பார்கள். அவர் மனைவி அன்னம்மாள் தேங்காய் ரொட்டி சுட்டு, அம்மியில் சம்பல் அரைத்துக் கொடுத்துவிடும்போதெல்லாம், "தேத்தண்ணியோட சாப்பிடுங்க தங்கச்சி" என்று அவர் சொல்லிச் சொல்லி, ரீத்தா வாயிலும் அது ஒட்டிக்கொண்டது.

அந்த அணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய அணையெல்லாம் இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர், நடுவில் ஒரு வாசல் அகலத்துக்கு இடைவெளி. அதன் இரு ஓரத்திலும் பலகை இறங்குவதற்குப் பள்ளம். கிறிஸ்துமஸ் கழிந்து மழை ஓய்ந்ததும் படாக் மரப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்கள். கோடை முழுக்கத் தேங்கும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வீடுகளுக்கு வரும். அரசாங்கக் குழாய் கோடையில் நினைத்தால் வரும். நினைக்காத நாளில் இருமும். ஆகவே இந்தப் பலகைதான் கரைக்கு உயிர். மழைக்கு முன்னால் பலகைகளை எடுத்துவிட வேண்டும். முதல் மழையில் மலை தன் அழுக்கையெல்லாம் கழுவும். அதற்கு வழி விட்டுவிட்டால் மண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மறித்தால் மொத்தமாகக் கேட்கும்.

பலகைக்குக் காவல் நாகலிங்கம். சம்பளமில்லாத உத்தியோகம்; அவர் தோட்டம் அணையை ஒட்டி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மனுஷன் கலெக்டர் மாதிரி நடந்துகொள்வார். அணையில் துணி துவைத்தால் வாளியைப் பிடுங்கி எறிவார். தெலுங்குக்காரப் பையன்கள் தூண்டில் போட்டால் அவர்கள் அப்பன் பாட்டன் வரைக்கும் ஹிந்தியில் விசாரிப்பார். பலகையை ஒருத்தர் தொடக்கூடாது. கரையில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. மீதிப் பேர் தண்ணீருக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

பலகைகள் ஒழுகும். எந்நேரமும் இடுக்கு வழியாக ஒரு பத்து ஓட்டை பீய்ச்சிக்கொண்டிருக்கும். படகுக்கார உதயசூரியன் அதைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவான்.

"என்ன அண்ணாச்சி இது? என் டிங்கி இப்படி ஒழுகுனா நான் மீனுக்குச் சோறு."

"ஒன் டிங்கி தண்ணிய வெளிய நிறுத்தணும். இது மண்ணை வெளிய விடணும். ரெண்டும் வேற" என்பார் நாகலிங்கம். "ஒழுகுற பலகைதான்டா நல்ல பலகை. எறுகிப்போனா எடுக்கவா முடியும்?"

"நல்லா ஒழுகட்டும். என் பொஞ்சாதி குடத்தைத் தூக்கிட்டு அலையட்டும்."

"ஒன் பொஞ்சாதி அலையுறது தண்ணிக்கா, ஒன் மூஞ்சியப் பார்க்க முடியாமலா?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். மிக்கேலும் சிரிப்பான். ஆனால் அவன் கண் பலகை இடுக்கிலேயே இருக்கும். தோணிக்காரன் கண். ஒழுகலைப் பார்த்தால் அவனுக்குப் பல் கூசும்.

தன் தோட்டத்துச் சரிவில் நாகலிங்கம் குறுக்குக் குறுக்காக வாய்க்கால் வெட்டிவைத்திருந்தார். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு குழி. மழைக்குக் கரையும் மண் குழியில் வந்து படியும். அதை அள்ளி, கூடையில் சுமந்து, திரும்ப மேலே கொண்டுபோய்ப் பாக்குமரத்தின் தூரில் போடுவார். 'கான் வெட்டுறது' என்பார்.

"வாய்க்கால்னு சொல்லாம அதென்ன அண்ணாச்சி கான்?" என்று ரீத்தா ஒருமுறை கேட்டாள்.

"எங்க பக்கம் அப்படித்தான்."

எந்தப் பக்கம் என்று அவளும் கேட்கவில்லை. தீவில் ஆளுக்கொரு பக்கம் இருக்கும். அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அவள் அப்பா கப்பலேறி வந்தது. அதற்குமேல் யார் தோண்டுகிறார்கள்?

ஆனால் அந்தக் கானெல்லாம் அவர் எல்லை வரைக்கும்தான். அவருக்கு மேலே டிக்ரியின் முதுகை இரண்டு வருஷமாக மிஷின் வைத்து வழித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு மனை. மரம் போய், புல் போய், தோலுரித்த ஆடு மாதிரி செம்மண் தொங்கியது. கரையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மழை வந்தால் எங்கே போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாகலிங்கம் கேட்டார். மனைக்காரனின் மேஸ்திரி, "சாச்சா, அப்னா காம் கரோ" என்றான். உன் வேலையைப் பார் என்று அர்த்தம்.

*

அந்தக் கோடைக்கு ஓர் அதிசயம் உண்டு.

மாசியிலிருந்தே வானம் வறண்டது. தெற்கே கேம்பல் பே ஊரில் கட்டிக்கொடுத்த டயானா தலைப்பிரசவத்துக்குக் கப்பலில் வந்து இறங்கினாள். பிரசவ வீட்டில் தண்ணீர் இல்லாவிட்டால் அது நரகம். ரீத்தா குடத்தோடு ஊரைச் சுற்றினாள். ராத்திரி சோறு போடும்போதெல்லாம் மிக்கேலிடம் ஒரே பாட்டு.

"பலகை பாதியும் ஒழுகியே போகுது. அந்த மனுஷன் கண்ணுக்கு முன்னால தண்ணி வீணாப் போகுதே, தெரியலயா? நாளைக்குப் புள்ளை பொறந்தா எதுல குளிப்பாட்ட? கடல் தண்ணியிலயா?"

மிக்கேல் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே, "பார்ப்போம்டி" என்பான்.

திடீரென்று குழாயில் தண்ணீர் பெருகியது. பங்குனி வெயிலிலும் அணை கழுத்துவரை நின்றது. ரீத்தா அந்தோணியார் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். பேரன் பிறந்தான், வெந்நீர் போட்டுப் போட்டுக் குளிப்பாட்டினாள். கரைப் பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளித்தார்கள்.

சித்திரை பாதியில் நாகலிங்கம் படியிறங்கி வந்தார். "பலகைய எடுக்கப் போறேன் தங்கச்சி. மேல மண்ணு தொறந்து கெடக்கு. எனக்கு மனசு சரியில்ல."

"ஐயோ அண்ணாச்சி, கைப்பிள்ளைக்காரி வீட்ல இருக்கா. இன்னும் ஒரு வாரம்."

உதயசூரியனும் போய் நின்றான். "இருக்குற தண்ணியக் கடல்ல விடுவீராக்கும்? மழை வந்தாப் பார்ப்போம்."

எல்லோரும் சொன்னார்கள். நாகலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு மேலே பார்த்தார், கீழே பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அந்த ஒரு வாரத்துக்குள்தான் வானம் கறுத்தது.

*

வலை கட்டும் கொட்டகையில் கூட்டம். பிரதான் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பஞ்சாயத்துத் தலைவரைத் தீவில் அப்படித்தான் சொல்வார்கள். இவர் பெங்காலி, பொறுமைசாலி. சுற்றிலும் சேறு காய்ந்த கால்களோடு மீன்காரர்கள். ஒருவாரமாக மண்ணைத் தோண்டுகிறார்கள். மூன்று டிங்கிதான் வெளியே வந்திருந்தது. அதிலும் ஒன்றுக்கு முதுகு முறிந்திருந்தது. கிரீக் வாய் தூர்ந்து, கடல் பெருக்கில்கூடப் படகு மிதக்காத நிலை.

ஆத்திரத்துக்கு ஒரு முகம் தேவை. மனைக்காரன் போர்ட் பிளேரில் இருந்தான், போனை எடுக்கவில்லை. நாகலிங்கம் எதிரில் இருந்தார்.

"ஆணி அடிச்சிருக்கான்யா!" என்றான் உதயசூரியன். "பலகை வரலன்னா என்ன அர்த்தம்? இவரு புதுசா வச்ச பாக்குக் கன்னுக்குத் தண்ணி நிக்கணும். அதுக்கு அடிச்சு எறுக்கிட்டாரு. எவனாவது ஒருத்தன் தொட்டிருப்பானா அந்தப் பலகைய? இவரு விடுவாரா?"

"போலோ நாகலிங்கம்" என்றார் பிரதான். "க்யா ஹுவா?" சொல், என்ன நடந்தது என்று கேட்கிறார்.

நாகலிங்கம் எழுந்தார். இடுப்புக் காயத்தில் கட்டுத் துணி. "பலகை என் பொறுப்பு. மழைக்கு முன்னால எடுக்கணும். எடுக்கல."

"எடுக்க வந்தப்போ ஏன் வரல? அதைச் சொல்லும்!"

"ஊறிப்போச்சு."

"இத்தனை வருஷம் ஊறாத பலகை!"

மிக்கேல் ஓர் ஓரமாக, வலைக் குவியல்மேல், தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் டிங்கியும் மண்ணுக்குள்தான். ரீத்தா அவனைப் பார்த்தாள். இந்த மனுஷன் வாயைத் திறக்கமாட்டான். கடலில் புலி, கரையில் பூனை. வீடு சேறு, படகு சேறு, குழந்தை மயிரிழையில் தப்பியது. எழுந்துவிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். நான் அங்க இருந்தேன்."

பிரதான் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் பலகை இடுக்குல கையை விட்டேன். அண்ணாச்சி என் கையை அடிச்சுத் தட்டிவிட்டாரு. இடுக்கை மூடிக்கிட்டாரு. 'பலகை என் வேலை, நீ போ'ன்னு வெரட்டுனாரு. ஏன் வெரட்டுனாருன்னு அவரே சொல்லட்டும்."

நாகலிங்கம் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி பார்த்தார்.

"அடிச்சது உண்மைதான்" என்றார்.

பிறகு என்ன? கொட்டகை கொதித்தது. யாரோ சேற்றுக் கட்டியை எறிந்தார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கடையில் சாமான் கிடையாது, ஜெட்டியில் பேச்சு கிடையாது. பாதித் தோட்டம் நாலாவில் போய்விட்டது. மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடல் தாண்டி மெயின்லேண்ட், இந்தியக் கரைக்கே, போகப்போகிறார் என்று செய்தி வந்தது.

அவர்கள் போன அன்றைக்கு ரீத்தா பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் கருவாட்டுக் கூடையோடு இருந்தாள். படகு ஓடாத வீட்டில் வேறென்ன விற்பது? அந்தப் பக்கம் சாத்தாம் போகும் ஃபெர்ரி முட்டி நின்றது. அன்னம்மாள் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாகலிங்கத்தின் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போனது, மிக்கேல்.

ரீத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

"நம்ம டிங்கியப் புதைச்சவரு மூட்டையை நீங்க ஏன் தூக்கணும்? வெக்கமா இல்ல?"

மிக்கேல் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு ஃபெர்ரிக்குள் போய்விட்டான். கப்பல் வரைக்கும் கூடப் போனான்.

அன்னம்மாள் எழுந்து வந்து ரீத்தாவின் முன் நின்றாள். திட்டப்போகிறாள் என்று ரீத்தா தயாரானாள். திட்டு வரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தணிந்த குரலில் அன்னம்மாள் கேட்டாள்:

"ரீத்தா, மெயின்லேண்ட்ல குளிருமா?"

என்ன கேள்வி இது! போகிற ஊர்க்காரிக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? குத்திக்காட்டுகிறாளோ என்றுகூட இருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று ரீத்தா கருவாட்டை அடுக்கத் தொடங்கினாள்.

சங்கு ஊதியது.

*

மழைக்காலம் முழுக்க நாலா தன் இஷ்டத்துக்கு ஓடியது. ஒவ்வொரு மழைக்கும் டிக்ரி கொஞ்சம் இறங்கி வந்தது. கரைக்காரர்கள் படகை வேறு ஜெட்டியில் கட்டி, பஸ் பிடித்துக் கடலுக்குப் போனார்கள். கிரீக்கில் முன்பு கைவலையிலேயே இறால் அள்ளலாம். இப்போது நண்டுகூடச் சீந்தவில்லை. நாகலிங்கத்தின் தோட்டத்தை வாங்கியவன் கானை மூடிவிட்டு அன்னாசி போட்டான், மேலிருந்து கீழாக நேர் வரிசையில். முதல் மழைக்கே வரிசை வரிசையாக ஓடை விழுந்தது. அப்போது இரண்டு பேர், 'அந்தக் கிழவன் இருந்தா...' என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

மார்கழியில் வானம் தெளிந்தது. பஞ்சாயத்து வேலையாக அணையில் மண் அள்ளக் கூப்பிட்டார்கள். ரீத்தாவும் போனாள். ஆண்கள் வெட்ட, பெண்கள் தட்டில் வாங்கிக் கைமாற்றினார்கள். வெயிலில் சேறு பொருக்குத் தட்டி, உள்ளே இன்னும் களி மாதிரி இருந்தது. மதியச் சோற்றுக்கு முன்னால் மேல் பலகை வெளியே தெரிந்தது.

"ஆணிய காட்டுறேன் பாருங்க" என்று உதயசூரியன் முன்னால் வந்தான். தேடினான். மண்ணைச் சுரண்டினான். தலை முதல் கால் வரை ஆணி இல்லை.

"துரு புடிச்சு விழுந்திருக்கும்" என்று முனகிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விட்டான். எல்லோரும் சோற்றுக்கு நகர்ந்தார்கள்.

ரீத்தா மட்டும் குனிந்தாள். அன்றைக்கு நகம் பட்ட அதே இடம். ஒரு குச்சியால் சேற்றை வழித்தாள். பாசி இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில், பலகைக்கும் சுவர்ப் பள்ளத்துக்கும் நடுவில், கோடு பிசகாமல், பழுப்பாக, கெட்டியாக, என்னவோ அடைத்திருந்தது. குச்சி முனையால் நெம்பினாள். ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. முகர்ந்தாள்.

குங்கிலியம். எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருஷா வருஷம் அவள் வீட்டு வாசலில் எழும் வாசம். டிங்கியின் இடுக்கில் பஞ்சும் துணியும் திணித்து, அதன்மேல் ஊற்றுவார்கள். கடலே முட்டினாலும் ஒரு பொட்டு உள்ளே வராது.

குங்கிலியத்துக்குள்ளிருந்து துணி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். விரல் அகலத் திரி. கறுத்துப் போயிருந்தாலும் மடிப்புக்குள் நிறம் சாகவில்லை. ஊதாவில் மஞ்சள் பூ.

டயானாவின் பிரசவத்துக்கென்று ரீத்தா தன் கையால் கிழித்துவைத்த சேலை.

*

மிக்கேல் கரையில், மண்ணிலிருந்து மீட்ட டிங்கியைக் குப்புறக் கவிழ்த்துப்போட்டு இடுக்கு அடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூன்று கல் வைத்து, தகர டப்பாவில் குங்கிலியம் கொதித்தது. ரீத்தா வந்தாள். துணித் திரியை டப்பாவுக்குப் பக்கத்தில், மணலில் போட்டாள்.

உளியும் சுத்தியலும் நின்றன.

"ஆணிதான் அடிச்சாருன்னு சொன்னாங்க" என்றாள்.

மிக்கேல் மணலையே பார்த்தான். "நீ தெனமும் குடத்தோட அலைஞ்ச. புள்ளைத்தாச்சி வீட்டுல இருந்தா. ஒழுகல்தானே, ஒரு சாயங்காலம் அடைச்சிருவோம்னு... நல்லதுன்னு நெனச்சுதான்டி செஞ்சேன். அது பள்ளத்துல இப்படி எறுகும்னு எனக்கு எப்படித் தெரியும்? டிங்கியில அடைச்சா பிரிக்கிறதில்லையே."

"அவருக்குத் தெரியுமா?"

"மறுநாளே தெரியும்."

"என்னது?"

"கூட்டத்துக்கு முந்தின நாள் விடியக்காலையில அவரு வீட்டுக்குப் போனேன். சொல்லிடுறேன் அண்ணாச்சின்னு காலப் புடிச்சேன். தேத்தண்ணி குடுத்தாரு. 'மாசியிலயே பார்த்துட்டேன் தம்பி. குங்கிலிய வாசம் தெரியாதா? தண்ணி நின்னுச்சு, நானும் சந்தோசமா இருந்துட்டேன். மழைக்கு முன்னால பேத்துரலாம்னு நெனச்சேன். பார்க்கிறது என் வேலை. வேலையை விட்டவன் நான்'னாரு."

"அன்னைக்கு என் கையை..."

"நீ தொட்டா கண்டுபுடிச்சிருவன்னு பயந்துட்டாராம். புள்ளை பெத்த வீட்டுல புருஷன் பொஞ்சாதிக்குள்ள இது வேணாம்னு."

ரீத்தா மணலில் உட்கார்ந்துவிட்டாள். 'நான் ஒண்ணு சொல்லணும். நான் அங்க இருந்தேன்.' அவள் குரல் அவளுக்கே கேட்டது. கணீரென்று, சந்தேகமே இல்லாத குரல்.

"நான் எழுந்து பேசுனப்போ நீங்க உட்கார்ந்திருந்தீங்க."

"அவருதான் உட்காரச் சொன்னாரு. 'அத்தனை பேரு டிங்கியும் மண்ணுல கெடக்கு. புதைச்சவன் நீன்னு தெரிஞ்சா இந்தக் கரையில ஒனக்கு ஒரு முழம் கயிறு கட்ட விடுவானுங்களா? கடலை விட்டா ஒனக்கு என்ன தெரியும்? எனக்கு அப்படி இல்ல. எனக்கு மெயின்லேண்ட்ல ஊரு இருக்கு. மண்டபம். சொந்த ஜனம் இருக்கு. நான் போயிக்குவேன்'னாரு. ஊரு இருக்கிற மனுஷன், போயி நல்லா இருப்பாருன்னு... நானும் வாயை மூடிக்கிட்டேன்."

குங்கிலியம் பொங்கி டப்பாவின் விளிம்பைத் தொட்டது. யாரும் இறக்கவில்லை.

"கப்பலுக்கு டிக்கெட் போடுங்க" என்றாள் ரீத்தா. "மண்டபம் போவோம். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வருவோம். கொட்டகையில அத்தனை பேரு முன்னாலயும் நானே சொல்லுறேன். படகு போனாப் போகட்டும். ஊரு இருக்கில்ல, தேடிக்கலாம். எந்தத் தெருவுன்னு கேட்டீங்களா?"

மிக்கேல் உளியை எடுத்து மணலில் குத்தினான்.

"கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டேன்."

"எப்போ?"

"கப்பல்ல. மூட்டையை வச்சுட்டு எறங்குறப்போ. 'எந்தத் தெரு அண்ணாச்சி, ஒரு நாள் வந்து பார்க்குறேன்'னு கேட்டேன்."

ரீத்தாவுக்குச் சம்பந்தமே இல்லாமல் அன்னம்மாள் முகம் நினைவுக்கு வந்தது. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்ட விதம். மெயின்லேண்ட்ல குளிருமா, ரீத்தா?

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'தெரு ஏதுடா தம்பி, அது கேம்ப்பு. சிலோன் தோட்டத்துலேருந்து எங்கள அனுப்புனப்போ எனக்கு எட்டு வயசு. ராமேஸ்வரத்துல எறக்கி, மண்டபம் கேம்ப்புல கொஞ்ச நாள் வச்சிருந்தாங்க. அங்கேருந்து நேரா கப்பல், கச்சால் தீவு, ரப்பர் தோட்டம். சுனாமிக்குப் பொறவு இங்க. இவ கச்சால்லயே பொறந்தவ, மெயின்லேண்டைப் படத்துலதான் பார்த்திருக்கா'ன்னாரு. சங்கு ஊதிட்டான். எறங்கு எறங்குன்னு கப்பல் கலாசி கத்துறான். அவரு என் தோளைத் தட்டி, 'மெயின்லேண்ட்ல நான் படுத்துத் தூங்குன எடம் அது ஒண்ணுதான் தம்பி. அதான் வாயில வந்துச்சு'ன்னாரு."